எது வராது என்று கேட்டவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நூலகத்தில் வேலை பார்க்கிற பெண், "உங்க தெருவுல இருந்தவங்கள்ல ஒருத்தரைப் பத்தி எழுதிக் குடுங்கம்மா, நாலு பேர் படிக்கட்டும்" என்று வெள்ளைத் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். நாலு பேர் எதிரில் வாயே திறக்காதவள் நான். தாள் என் முகத்தைப் பார்க்காது என்பதால் எழுதுகிறேன். முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதப்போவது மருந்தம்மாவைப் பற்றி. பெயர் போடவில்லை. போட்டால் அவர்களுக்குப் பிடித்திருக்காது. பெரியாஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டையர் ஆன பிறகு செங்கம் ரோட்டுப் பக்கம், ஆசிரமத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில் சொந்த வீட்டில் இருந்தார்கள். அங்கே நான் சமையல் செய்தேன். என் வீட்டுக்காரர் அவர்களுடைய காரை ஓட்டினார். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையை எங்களுக்கு விட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கியவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது அது எதற்கு என்று அந்தம்மா முதலில் சொன்னதே கிடையாதாம். "இது இருமலுக்கு வராது. வெறும் வயித்துல ஆகாது. கர்ப்பமா இருந்தா கூடவே கூடாது." இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான், "காய்ச்சலுக்குப் போடு" என்பார்களாம். வரிசையில் நிற்பவர்களுக்குக் கோபம் வரும். ஒரு ஆள், "ஆகறதைச் சொல்லும்மா, ஆகாததைச் சொல்லியே சாவடிக்கிறியே" என்று கத்தினானாம். "ஆகறது தானா நடக்கும். ஆகாததைத்தான் ஒருத்தர் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கினார்களாம்.

வீட்டிலும் அதே கதைதான். தள்ளுவண்டிக் காய்க்காரியிடம், "இதுல எது சொத்தைனு நீயே சொல்லிடு" என்பார்கள். அவள், "எல்லாம் நல்ல காய்தாம்மா" என்றால், "அப்ப எனக்கு வேணாம்" என்று கேட்டைச் சாத்திவிடுவார்கள். கொஞ்ச நாளில் காய்க்காரி பழகிக்கொண்டாள். "இந்த ரெண்டு முருங்கக்காயும் முத்தலும்மா" என்று அவளே தனியாக எடுத்து வைப்பாள். "சொன்னே இல்ல, சரி, அதையும் சேத்துப் போடு" என்று அந்த முத்தலையும் காசு கொடுத்து வாங்குவார்கள். சாம்பாரில் அதை மெல்லுவது நான்.

என்னை வேலைக்குச் சேர்த்த அன்று, "உனக்கு இன்னா சமைக்க வராது?" என்று கேட்டார்கள். "பிரியாணி வராதும்மா" என்றேன். "நல்லது. எனக்கும் அது ஆகாது" என்றார்கள். வேலை கிடைத்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை. லைசென்சை வாங்கிப் பார்த்தார்கள், சாவியைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். இதை ஏன் எழுதுகிறேன் என்று பிறகு தெரியும்.

கார் என்றால் புதுசு இல்லை. மருந்தம்மாவின் அண்ணன் இறந்த பிறகு அவர்களுக்கு வந்த வெள்ளை அம்பாசிடர். வரும்போதே கிழம். இடது பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஏறுகிறவர்களிடம் அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவார்கள்.

ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை மாதத்தில் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் முடியும். அதற்கு முன்னாடியே இரண்டு ஏஜெண்டுகள் வருவார்கள். ஒருவர் பஸ் ஸ்டாண்டு கிட்ட டயர் கடை வைத்திருந்த பாய். இன்னொருவர் கீழ்பென்னாத்தூரில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை. இருவரும் வேறு வேறு கம்பெனி. மருந்தம்மா இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்வார்கள். கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார வைப்பார்கள். நான் காபியை வைத்துவிட்டுச் சமையலறைக் கதவோரம் நின்றுகொள்வேன். அவர்கள் பேசியதில் பாதி எனக்கு அப்படித்தான் புரிந்தது.

அண்ணன் ஆரம்பிப்பார். "பாயைவிட நம்மளுது கம்மிம்மா."

"கம்மி இருக்கட்டும். ஏன் கம்மி?"

"நம்ம மச்சான் ஓட்டுற வண்டியாச்சேனு பார்த்துப் போட்டேன்."

மருந்தம்மா பாயைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "ரேட்டு கவர்மெண்டு போட்டதும்மா. எல்லா கம்பெனிக்கும் ஒண்ணுதான். யாரும் பார்த்துப் போட முடியாது" என்பார்.

"அப்ப எதையோ எடுத்துட்டீங்கனு அர்த்தம். எதை எடுத்தீங்க?"

அண்ணன் நெளிவார். "வண்டி மதிப்பைக் கொஞ்சம் கொறைச்சுப் போட்டேன். டிரைவருக்குனு போடறதை விட்டுட்டேன். பழைய வண்டிக்கு அதெல்லாம் இன்னாத்துக்கும்மா?"

"வண்டிதானே பழசு. ஓட்டுறவனும் பழசா?"

பாய் சிரித்துவிடுவார். உடனே அவருக்கும் கிடைக்கும். "சிரிக்காதீங்க பாய். உங்களுதுல எது வராது?"

பாய்க்கு அது மனப்பாடம். "ஃபுல் இன்சூரன்ஸே எடுத்தாலும் இந்த வண்டிக்கு டயரு, ரப்பரு பாதிதான் வரும்மா. தகரத்துக்கும் வயசைப் பார்த்துப் பிடிச்சுப்பாங்க. குடிச்சுட்டு ஓட்டினா வராது. வாடகைக்கு ஓட்டினா சுத்தமா வராது. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தா, நம்ம வண்டி போய் வெளியாளு மேல மோதினா அவனுக்கு வரும். நம்ம வண்டிக்கு வராது."

"உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு?"

"தனியாக் கட்டினாத்தாம்மா."

கடைசியில் வருஷா வருஷம் ஒரே முடிவுதான். "தகரம் போனா போகட்டும் பாய். நசுங்கின கதவை ஒட்டிக்கறேன். வெளியாளுக்குப் போடுங்க. உள்ள உக்கார்றவங்களுக்குப் போடுங்க. டிரைவருக்குப் போடுங்க." அண்ணனுக்குக் காபி மட்டும் மிச்சம். போகும்போது என் வீட்டுக்காரரிடம், "உங்கம்மாகிட்ட பாலிசி பிடிக்கறதுக்கு மலையை அங்கப்பிரதட்சிணம் பண்ணிடலாம்டா" என்பார்.

என் வீட்டுக்காரருக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. பாய் வாசிப்பாரே, செத்தால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு, கால் போனால் இவ்வளவு என்று, அதை அவரால் நின்று கேட்க முடியாது. "நான் கல்லு மாதிரி நின்னுக்கினு இருக்கேன், என் எதிர்லயே காலுக்கு ஒண்ணு கைக்கு ஒண்ணுனு பேசறாங்க" என்று அறைக்குள் வந்து பொருமுவார். அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்து அவருக்குச் சுற்றிப் போடுவேன். அந்தம்மாவிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை.

வாடகை விஷயம் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர், மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குச் சொல்லி வைத்த டாக்சி வராமல் எங்கள் கேட்டில் வந்து நின்றார். கையில் நோட்டுக் கற்றை. என் வீட்டுக்காரர் அதற்குள் கண்ணாடியைத் துடைத்து முடித்திருந்தார். மருந்தம்மா இங்கிலீஷில் ஏதோ சொன்னார்கள். அந்த ஆள் நோட்டை நீட்ட நீட்டத் தள்ளினார்கள். பிறகு என் வீட்டுக்காரரிடம், "சும்மாவே கொண்டுபோய் விட்டுட்டு வா தம்பி. காசு வாங்கினா அது வாடகை. வாடகைக்கு நம்மளுது வராது. டிப்ஸும் வாங்காதே" என்றார்கள். அவர் மெட்ராஸ் போய்வந்து இரண்டு நாள் சாப்பாட்டில் குறை சொன்னார். அந்த வெள்ளைக்காரர் இறங்கும்போது ஒரு பை ஆரஞ்சுப் பழத்தைச் சீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தப் பை ரொம்ப நேரம் மேஜை மேல் இருந்தது. அடுத்த முறை பாய் வந்தபோது, "பழம் வாங்கினா வாடகையில சேருமா?" என்று கேட்டார்கள். பாய் யோசித்து, "சாப்பிட்டுட்டீங்களாம்மா?" என்றார். "சாப்பிட்டாச்சு." "அப்ப விடுங்க" என்றார். அந்தம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி எழுத வேண்டியது கஷ்டமானது.

இரண்டாயிரத்துக்கு முந்தின வருஷங்களில் ஒன்று. எந்த வருஷம் என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. மலையில் கார்த்திகைத் தீபம் ஏற்றக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த வருஷம் இன்சூரன்ஸ் சனிக்கிழமை ராத்திரியோடு முடிகிறது. மருந்தம்மா வெள்ளிக்கிழமை காலையில் செக்கை எழுதி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "பாய் கடையில குடுத்துட்டு வந்துடு" என்றார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுப் பணத்தை வெளியே கொடுக்கக்கூடாது என்று எங்கள் பக்கம் உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் உப்பு, தயிர்கூடக் கடன் தரமாட்டோம். அதுவும் தீப மாசத்து வெள்ளிக்கிழமை, அதுவும் கை கால் போவதற்கான பணம். அவருக்கு மனசு வரவில்லை. செக்கை மடித்துச் சீட்டுக்கு முன்னால் இருக்கும் டப்பாவில் வைத்துவிட்டார். சனிக்கிழமை அவருக்கு ஆகாத நாள். திங்கள்கிழமை கொடுத்துக்கொள்ளலாம், நாள் தவறினாலும் ஒரு மாசம் டைம் உண்டு என்று அண்ணன் எப்போதோ சொன்னதை நம்பினார். அது உயிருக்குப் போடும் இன்சூரன்சுக்குத்தானாம், வண்டிக்குக் கிடையாதாம். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்தம்மாவின் தங்கை வீட்டிலிருந்து வேர்க்கடலை மூட்டை எடுத்துவரக் கீழ்பென்னாத்தூர் போனார். தூறல். எதிரே ஆட்டு மந்தை குறுக்கே வந்திருக்கிறது. வண்டியை ஒடித்தவர் புளியமரத்தில் மோதி நின்றார். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய வலது கால் மட்டும் தகரத்துக்குள் மாட்டிக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கால் போன டிரைவருக்கு என்ன வேலை இருக்கிறது. எனக்கு அந்த ஒரு நினைப்புதான்.

மறுநாள் பாய் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். வண்டியிலிருந்து எடுத்த செக்கு அதற்குள் மருந்தம்மா கையில் இருந்தது. பாய் வராந்தா ஓரத்துக்கு அவர்களைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். நான் ரத்தக்கறைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, பாலிசி வர்ற வரைக்கும் எழுதிக் குடுக்கற கவர் நோட்டு புக்கு என்கிட்டதான் இருக்கு. நாங்க கையாலதானே எழுதறோம். சனிக்கிழமை சாயங்காலமே வாங்கிட்டேன்னு டைம் போட்டுடறேன். செக்குல தேதி வெள்ளிக்கிழமைதான் இருக்கு. யாரு கேட்டாலும் ஆமான்னு சொல்லி, நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும். காலுக்குண்டானது வந்துடும்."

மருந்தம்மா அந்தச் செக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு, எப்போதும் கேட்பது போலவே கேட்டார்கள். "இதுல எது வராது பாய்?"

பாய் தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார். "கண்டுபிடிச்சா என் ஏஜென்சி போவும். கேஸு போட்டாலும் போடுவாங்க. அதை விடும்மா. நான் பார்த்துக்கறேன்."

"வயசுக்கு வந்த மூணு பொண்ணை வெச்சுக்கினு என்னத்த பார்த்துப்பீங்க?"

நான் எழுந்து போனேன். அந்தம்மாவிடம் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் நானாக ஒன்று கேட்டது அதுதான். "கையெழுத்து போடுங்கம்மா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அவர்களுக்குக் கேட்டது. என்னை நேராகப் பார்த்தார்கள்.

"போட மாட்டேன்" என்றார்கள்.

அவ்வளவுதான். ஒரு சமாதானம் சொல்லவில்லை, தோளைத் தொடவில்லை. பாய் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். நான் மறுபடியும் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பல நாள் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்து நான் பேசவில்லை. சாப்பாட்டுத் தூக்கை அவர்கள் கொண்டுவந்து வைத்தால் வாங்கிக்கொள்வேன். மனசுக்குள் என்னவெல்லாமோ சொன்னேன். அதை எழுத மாட்டேன்.

தீபத்தன்று சாயங்காலம் மலையில் விளக்கு ஏற்றிவிட்டார்கள் என்று சத்தம் கேட்டதும் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வார்டை விட்டு வெளியே போனார்கள். நர்சும் போனாள். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மருந்தம்மா வெளியே போகவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"தம்பி, வெள்ளிக்கிழமை செக்கை ஏன் குடுக்கல?"

அவர் அழுதுவிட்டார். "வெள்ளிக்கிழமையில காசை வெளிய குடுக்க ஆகாதும்மா எங்களுக்கு. நீங்க திட்டுவீங்கனு சொல்லல."

மருந்தம்மா திட்டவில்லை. "வெள்ளிக்கிழமை" என்று தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்கள். வெளியே எல்லோரும் அரோகரா சொல்வது கேட்டது. அது அடங்கின பிறகுதான் பேசினார்கள்.

"ஊர்ல இருக்கற ஏஜெண்டையெல்லாம் எது வராது எது ஆகாதுனு கேட்டேன். காய்க்காரியைக் கேட்டேன். உன் பொண்டாட்டியைக் கேட்டேன். உன்னை ஒரு நாளும் கேக்கலையேப்பா. கேட்டிருந்தா வியாழக்கிழமையே குடுத்திருப்பேனே."

அவர் காலுக்கு மேல் போர்த்தியிருந்த துணியை இழுத்துச் சரியாக்கினார்கள். கால் இல்லாத இடத்தில் துணி தட்டையாகக் கிடந்தது. அதையும் நீவிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு அவர்கள்மேல் கோபமாக இருக்க முடியவில்லை. கோபம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது.

வண்டியைக் காயலாங்கடைக்காரன் கட்டி இழுத்துக்கொண்டு போனான். சத்தமே ஆகாது என்று யாருக்கும் வாடகைக்கு விடாமல் வைத்திருந்த முன்னறைகள் இரண்டையும் மருந்தம்மா ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு விட்டார்கள். அந்த வாடகை எங்களுக்குத்தான் வந்தது, ஆஸ்பத்திரிக்கும், பிறகு கட்டைக் காலுக்கும். ராத்திரி பகல் பார்க்காமல் வெள்ளைக்காரர்கள் கிடார் தட்டுவார்கள். அந்தம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார்கள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு வாடகைக்குச் சைக்கிள் வைத்துக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கிரிவலப் பாதையைச் சுற்றிப் பார்க்க, அடி அண்ணாமலை வரை போக என்று சைக்கிள் கேட்டு வருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது, "இதுல பின் பிரேக் சுமார். அதுல பெல்லு அடிக்காது" என்பதுதான். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

மருந்தம்மா போன பிறகும் கொஞ்ச வருஷம் அவர் அந்த நாற்காலியில் இருந்தார். இப்போது அவரும் இல்லை.

அந்தம்மா இறந்த அன்று பாய் வந்திருந்தார். உள்ளே வரவில்லை, கேட்டோரம் நின்றார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்து, பேரன் பேத்தியெல்லாம் எடுத்துவிட்டார். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பித் தரும்போது, "அன்னிக்கு அவங்க கையெழுத்து போட்டிருந்தா உங்களுக்குப் பணம் வந்திருக்குமோ, நான் ஜெயிலுக்குப் போயிருப்பேனோ, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல தங்கச்சி" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. இதில் கம்பெனி ரேட்டு, ஒரு மாச டைம், கவர் நோட்டு என்று நான் எழுதியதெல்லாம் கதவோரம் நின்று காதில் விழுந்ததுதான். தப்பாக இருக்கலாம். இன்சூரன்ஸ் விவரம் தெரிந்தவர்கள் யாராவது படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, அந்தக் கையெழுத்துக்கு என் வீட்டுக்காரர் காலுக்கான பணம் வந்திருக்குமா என்று. வந்திருக்கும் என்றாலும் இனிமேல் யாரையும் நொந்துகொள்ள மாட்டேன். வராது என்றால், அதை முதலில் சொல்லுங்கள்.